சிம்சிட்டி 4: ஆறு லேன் சாலை போட்டும் நெரிசல் குறையவில்லையே?

குறுக்குச்சந்து

வணக்கம் நண்பர்களே. நகரம் கட்டும் கணினி ஆட்டமான சிம்சிட்டி 4-ஐ, ரஷ் அவர் என்ற அதன் விரிவாக்கத்தோடு சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறேன். பெரிய அளவு நகரம், 256-க்கு 256 கட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு, அந்தப் பக்கம் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும். ஊர் வளர வளர நடுவில் போகும் பெரிய சாலை முழுக்கச் சிவந்துவிட்டது. வேலைக்குப் போகும் நேரம் கூடிப்போய் வீடுகள் காலியாகிக் கறுத்து நிற்கின்றன.

சரி என்று நெட்வொர்க் ஆட்ஆன் மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்பு) இறக்கி, அதிலுள்ள அகலச் சாலைத் தொகுப்பை எடுத்து, நடுச்சாலையை ஏ.வி.இ-6 என்ற ஆறு லேன் சாலை ஆக்கினேன். இரு ஓரத்திலும் இருந்த கடைகளை இடித்தேன், கஜானா பாதி காலி. பார்க்க அட்டகாசமாக இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் நெரிசல் வரைபடத்தைத் திறந்தால் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. மாட் சரியாக ஏறவில்லையா? இல்லை, இன்னும் அகலமாகப் போட வேண்டுமா?

மெதுவாகச்செல்லவும்

சாலை அகலமாகத் தெரிகிறது என்றால் மாட் ஏறிவிட்டது. அதில் சந்தேகம் வேண்டாம். இன்னும் அகலமாக்கும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள்.

சிவப்பு சாலை நெடுக இருக்கிறதா, குறிப்பிட்ட இடத்தில் தொடங்கிப் பின்னால் போகிறதா? மாட் நிறுவும்போது போக்குவரத்துக் கணக்கின் கொள்ளளவு எந்த நிலையில் வைத்தீர்கள்? வழி பார்க்கும் கருவியால் அந்தச் சாலையைத் தொட்டால், காலையில் வேலைக்குப் போகிறவர்களின் வழியைக் காட்டும் அம்புக்குறிகள் எங்கே போய் முடிகின்றன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். அந்தக் கருவி ரஷ் அவரோடு வந்தது, பலர் அதைத் தொடுவதே இல்லை.

பழையசேவ்

குறுக்குச்சந்து, உங்கள் கேள்வி இந்த மாட் வந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்விதான். கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிம்சிட்டி 4 வந்தது 2003 ஜனவரியில். அதே ஆண்டு செப்டம்பரில் ரஷ் அவர் வந்தது. அவென்யூ என்ற நாலு லேன் பெரிய சாலை, ஒருவழிச் சாலை, தரையில் போகும் நெடுஞ்சாலை எல்லாம் அதில்தான் சேர்ந்தன. ஆட்டத்தை உருவாக்கிய மேக்சிஸ் அதோடு நிறுத்திக்கொண்டது. 2004-இல் ரசிகர்கள் தொடங்கியதுதான் நெட்வொர்க் ஆட்ஆன் மாட். அது இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தெரு, சாலை, அவென்யூ, ஒருவழி, ரயில் என்று வலையமைப்பு வகைகள் ஆட்டத்தின் உள்ளே இறுகிப்போனவை. புதிதாக ஒரு வகையை யாராலும் சேர்க்க முடியாது. அதனால் ரசிகர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். நீங்கள் முதலில் ஒரு தொடக்கத் துண்டை வைக்கிறீர்கள். அதிலிருந்து சாதாரணச் சாலையை இழுத்தால், பக்கத்துக் கட்டம் என்ன என்று ஆட்டம் பார்த்து, "இது சாதாரணச் சாலை இல்லை, அகலச் சாலையின் துண்டு" என்று ஒவ்வொரு கட்டமாக மாற்றிக்கொண்டே போகும். இந்த மாற்று விதிகள் இலட்சக்கணக்கான வரிகள். எல்லாம் சம்பளமில்லாத ஆட்கள் உட்கார்ந்து எழுதியவை. படமும் வண்டி ஓடும் தடங்களும் புதிது. அடியில் இருப்பது பழைய சாலைதான்.

உங்களுக்கு வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. வேகமும் கொள்ளளவும் வலையமைப்பின் வகைக்கு எழுதப்பட்டவை, ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருந்துபவை. தாரில் எத்தனை கோடு வரைந்திருக்கிறது என்று போக்குவரத்துக் கணக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று கட்டம் அகலமுள்ள சாலை போட்டால் வண்டிகள் பரவ அதிகக் கட்டம் கிடைக்கிறது, அந்த அளவுக்கு லாபம் உண்டு. மற்றபடி "ஆறு லேன், ஆகவே மூன்று மடங்கு" என்ற கணக்கு இந்த ஆட்டத்தில் செல்லாது.

குறுக்குச்சந்து

அடடா. இவ்வளவு நாளும் லேனை எண்ணிக்கொண்டு இருந்தேன்.

கேட்டதற்குப் பதில்: சிவப்பு பாலத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து பின்னால் குடியிருப்புப் பக்கம் முழுக்கப் போகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள்தான். பாலத்தை நான் மாற்றவில்லை, பழைய இரண்டு லேன் சாலைப் பாலமே இருக்கிறது. அதை இடித்துக் கட்ட மனம் வரவில்லை. கொள்ளளவு நிலையை நான் தொடவே இல்லை, நிறுவி முடித்ததும் நேராக ஆட்டத்துக்குள் போய்விட்டேன். காலை அம்புகள் கிட்டத்தட்ட எல்லாமே பாலம் தாண்டித் தொழிற்சாலைப் பக்கம்.

ரவுண்டானா

பாலம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே ப்ரோ. ஆறு லேனைக் கொண்டுபோய் இரண்டு லேனில் சொருகினால் எந்த ஆட்டமாக இருந்தாலும் இதே கதைதான்.

நான் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற இன்னொரு நகர ஆட்டத்தின் ஆள். அங்கேயும் முதலில் எல்லோரும் செய்வது அகலச் சாலை மாட் போடுவதுதான். 2015-இல் ஆட்டம் வந்தபோது கையில் இருந்தது இரண்டு, நாலு, ஆறு லேன் சாலைகள், ஒரு மூன்று லேன் நெடுஞ்சாலை, அவ்வளவுதான். நெட்வொர்க் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற ரசிகர் மாட் வந்த பிறகுதான் விதவிதமான அகலம் கிடைத்தது. 2017-இல் மாஸ் ட்ரான்ஸிட் விரிவாக்கத்தில் இரண்டு லேன், நாலு லேன் நெடுஞ்சாலைகளும் இரு பக்கமும் லேன் எண்ணிக்கை வேறுபடும் சாலைகளும் வந்தன. ரசிகர்கள் முன்னாலேயே செய்து காட்டியதை ஆட்டத்தை உருவாக்கியவர்கள் பிறகு விற்றார்கள் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் அங்கே வரும் சிக்கல் வேறு மாதிரி. எட்டு லேன் போடுவோம். ஏழு லேன் காலியாகக் கிடக்கும், ஒரே லேனில் ஊர் எல்லை வரை கார் நிற்கும். காரணம், ஒவ்வொரு காரும் புறப்படும்போதே வழியைத் தீர்மானித்துவிடுகிறது. அடுத்த திருப்பத்துக்கு எந்த லேன் தேவையோ அதில் வெகு முன்னாலேயே ஏறிவிடும். எல்லோருக்கும் ஒரே திருப்பம் என்றால் மிச்ச லேன் எல்லாம் வெறும் அலங்காரம்தான். அங்கே லேன் எண்ணிக்கை உண்மை, ஆனாலும் பயனில்லை. வேடிக்கையாக இல்லையா?

பழையசேவ்

ரவுண்டானா சொல்வது சரி. இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குப் போட்டு ஏமாறுகிறார்கள்.

ஸ்கைலைன்ஸில் திரையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் ஒரு தனி ஆள். அது நின்றால் நெரிசல் நிஜமாகவே அங்கே இருக்கிறது. அதனால்தான் ஒரே நேரத்தில் 16,384 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். சிம்சிட்டி 4-இல் திரையில் ஓடும் கார் வெறும் காட்சி. கணக்கு உள்ளே தனியாக நடக்கிறது: இந்த வீட்டில் இத்தனை பேர், அவர்களுக்கு வேலை எங்கே, எந்த வழி, அந்த வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பயணம். கூட்டிப் பார்த்துக் கொள்ளளவைத் தாண்டினால் வேகம் குறையும். சாலையில் கார்கள் முட்டி நிற்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வரைபடத்தை மட்டும் நம்புங்கள்.

கோடுபோடுபவர்

எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள், நான் ஒரே ஆள் எதிர்க்கட்சி.

எனக்கு இந்த மாட் பிடிப்பதே அழகுக்காகத்தான். மாட் இல்லாத ஆட்டத்தில் சாலைக்கு அடுத்து நேராக அவென்யூ. நடுவில் ஒன்றும் இல்லை. ஊர் எதுவானாலும் ஒரே சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். இந்தத் தொகுப்பு வந்த பிறகுதான் ஒரே கட்டத்துக்குள் நடுவில் திரும்பும் லேன் வைத்த டி.எல்.ஏ-3 கிடைத்தது. ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று என்று ஏ.ஆர்.டி-3 கிடைத்தது. ஒருவழிச் சாலையிலேயே ஒரு லேன், மூன்று லேன் என்று பிரிக்க முடிந்தது. பழைய கடைத்தெருவுக்கு ஒன்று, புறநகருக்கு ஒன்று என்று தேர்ந்தெடுக்கலாம். சாலையைப் பார்த்தே இது ஊரின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம்.

கொள்ளளவு கூடவில்லை என்று இந்த மாட்டைக் குறை சொல்வது, நல்ல ஓவியத்தை வாங்கிவிட்டுக் கூரை ஒழுகுகிறதே என்று சண்டை போடுவது போல.

மெதுவாகச்செல்லவும்

கோடுபோடுபவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழையைத் தொடங்கியவருக்குக் கூரைதானே ஒழுகுகிறது, முதலில் அதைப் பார்ப்போம்.

குறுக்குச்சந்து, மாட்டின் பெரிய வரப்பிரசாதம் அகலச் சாலை இல்லை, போக்குவரத்துக் கணக்கு. மாட் இல்லாத ஆட்டத்தில் வழிதேடும் கணக்கு சரியாக அமையவில்லை. வேகமான வழி இருந்தாலும் தூரம் குறைந்த வழியையே பிடித்துக்கொண்டு போவார்கள். நெடுஞ்சாலை பக்கத்திலேயே காலியாகக் கிடக்கும், சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும். மாட் அதைச் சரிசெய்தது. கூடவே கொள்ளளவைக் குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று மாற்றிக்கொள்ள ஒரு சிறு கருவியும் தருகிறார்கள். சிறிய ஊருக்குக் குறைந்த நிலையே போதும், அப்போதுதான் ஆட்டத்தில் சவால் இருக்கும். வானளாவிய கட்டிடங்களால் ஊரை நிரப்பப் போகிறீர்கள் என்றால் மேலே ஏற்றுங்கள். அது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். கண்டுகொள்ளாதீர்கள். சதுரத்தின் ஓரம் முழுதும் ஒரு கிலோமீட்டரோ நாலு கிலோமீட்டரோ இருக்கிற உலகத்தில் இலட்சக்கணக்கானவர்களைக் குடிவைத்துவிட்டு யதார்த்தம் பேசுவதில் பொருளில்லை.

அடுத்தது சந்திப்புகள். சந்திப்பு விழும் கட்டத்தில் கொள்ளளவைக் குறைக்கும் ஒரு மதிப்பு ஆட்டத்தின் கோப்பிலேயே இருக்கிறது. உங்கள் ஏ.வி.இ-6-இல் ஒவ்வொரு தெருவும் வந்து முட்டுகிறதா? ஆட்டம் தானாகப் போடும் தெருக்கள் பெரிய சாலையில் வந்து ஒட்டிக்கொள்ளும், நாம் கவனிக்க மாட்டோம். பாதித் தெருக்களின் முனையை வெட்டிவிடுங்கள். அவற்றை உள்ளே ஒரு இணைச் சாலையில் சேர்த்து, அந்த இணைச் சாலையை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் பெரிய சாலையோடு இணையுங்கள். செலவும் குறைவு.

பிறகு பாலம். அதை அகலப்படுத்துவதைவிடத் தள்ளி இன்னொரு பாலம் கட்டுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் ஆற்றைக் கடப்பதுதான் உங்கள் நோய். கட்டம் கூடினால் கொஞ்சம் தணியும். வழி கூடினால்தான் குணமாகும்.

கட்டம்கட்டமாக

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் இன்றுதான் மாட் நிறுவினேன், அடிப்படையே புரியவில்லை. சாலைப் பட்டியலில் புதிய பொத்தான் வந்திருக்கிறது. அதை அழுத்தினால் ஒரு துண்டு மட்டும் வருகிறது. ஒவ்வொரு துண்டாகவா ஊர் முழுக்க வைக்க வேண்டும்? அப்புறம், எனக்கு வண்டிகள் இடது பக்கம் ஓட வேண்டும். அது இந்த மாட்டில் முடியுமா?

கோடுபோடுபவர்

வாருங்கள், நல்ல கேள்வி.

அந்தத் துண்டு தொடக்கத்துக்கு மட்டும். பொத்தானை அழுத்திவிட்டு டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் வகைகள் ஒவ்வொன்றாக மாறும். ஷிஃப்ட் பிடித்துத் தட்டினால் பின்னால் போகும். ஹோம், எண்ட் விசைகள் துண்டைத் திருப்பும். வேண்டியதை வைத்த பிறகு சாதாரணச் சாலைக் கருவியை எடுத்து, அந்தத் துண்டின் முனையிலிருந்து இழுங்கள். இழுக்க இழுக்கத் தானாக அகலச் சாலையாக மாறிக்கொண்டே போகும். நடுவில் எங்காவது சாதாரணச் சாலையாகத் திரும்பிவிட்டால் பதற வேண்டாம். அந்த இடத்தில் விதி அறுந்திருக்கிறது. தொடக்கத் துண்டை இன்னொரு முறை அங்கே வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு அகலச் சாலைகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் மட்டும் கவனம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் யாரோ உட்கார்ந்து விதி எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் சந்திப்பு வரும், எழுதியிருக்காவிட்டால் இழுக்கும்போதே சிவப்பு காட்டி மறுத்துவிடும். அதிலும் சாய்வாகப் போகும் அகலச் சாலையில் குறுக்கே இன்னொரு அகலச் சாலை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் ஊர் கட்டத் தொடங்கும் முன் காலி நகரம் ஒன்றில் எனக்கு வேண்டிய சந்திப்புகளை வைத்துப் பார்த்துவிடுவேன். பிறகு இடித்துக் கொட்டும் வேலை இருக்காது.

இடது பக்க ஓட்டம் முடியும். நிறுவும்போதே அதற்கான தேர்வு இருக்கிறது, சாலைப் படத்தின் பாணியும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். அவசரப்பட்டு அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். நிறுவும் பட்டியலை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

மெதுவாகச்செல்லவும்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் பதிப்பு பழையதாக இருந்தால் மாட் ஏறாது. இணையத்தில் வாங்கும் பதிப்புகள் பொதுவாகச் சரியாக இருக்கும், பழைய வட்டில் நிறுவியவர்கள்தான் திருத்தங்களைப் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த மாட் இப்போது ரொம்பப் பெரிது. 4 ஜிபி நினைவகத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஒட்டு (பேட்ச்) இல்லாமல் ஆட்டம் தடுமாறும், அதையும் போட்டுவிடுங்கள். முன்பு எப்போதோ போட்ட பழைய பதிப்பின் கோப்பு ப்ளக்இன்ஸ் ஃபோல்டரில் எங்காவது ஒளிந்திருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு சாலைகள் கோணல்மாணலாக வரும். "மாட் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

ரவுண்டானா

கட்டம்கட்டமாக நண்பருக்குப் பதில் கிடைத்துவிட்டது, நான் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அகலப்படுத்தினால் நெரிசல் குறையாது என்பது ஆட்டத்தின் குறைபாடு மட்டும் இல்லை. நிஜத்திலும் அதுதான். அந்தோனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார்: உச்ச நேர நெரிசல், சாலையின் கொள்ளளவு வரை ஏறியே தீரும் என்று. 2011-இல் டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவை வைத்துப் பார்த்தார்கள். நகரத்துக்குள் போகும் தேசிய நெடுஞ்சாலைகளின் லேன் நீளம் எவ்வளவு கூடியதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடியிருந்தது. ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடத்தில் 26 லேன். சில வருடத்திலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது.

ஆகவே மாட் எழுதியவர்கள் கொள்ளளவைக் கூட்டாமல் விட்டது தற்செயலான யதார்த்தம் என்பேன்.

பழையசேவ்

அழகான முடிவு, ஆனால் கொஞ்சம் அவசரம்.

முதலாவது, அவர்கள் கூட்டாமல் விடவில்லை, வகையை மீறிக் கூட்ட வழியில்லை. இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது, நீங்கள் சொன்ன ஆய்வு அகலப்படுத்தினால் யாருக்கும் லாபமில்லை என்று சொல்லவில்லை. கூடுதல் ஆட்கள் பயணம் போகிறார்கள், அது அவர்களுக்கு லாபம்தானே. நெரிசல் மட்டும் தீராது.

ஆட்டத்துக்கு வருவோம். சிம்சிட்டி 4-இல் உங்கள் வாதத்துக்கு நெருக்கமான ஒன்று நடக்கத்தான் செய்கிறது, ஆனால் வழி வேறு. பயண நேரம் குறைந்தால் குடியிருப்புக்கு அந்த இடம் பிடித்துப்போகும். காலியான வீடு நிரம்பும், இன்னும் பெரிய கட்டிடம் எழும். அவர்களும் அதே சாலையில் இறங்குவார்கள். கொஞ்ச நாளில் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சாலையைச் சரிசெய்த பிறகு மக்கள்தொகையையும் பார்க்க வேண்டும். நெரிசல் அதேதான், ஆனால் ஊர் இரண்டு பங்கு என்றால் அது தோல்வியா?

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தில் வண்டி ஓட்டம் கடைகளுக்கு உரம். எந்தச் சாலையில் போக்குவரத்து அதிகமோ அதன் ஓரத்தில் வணிகப் பகுதி செழிக்கும். பணக்காரக் குடியிருப்புக்குத்தான் அந்தச் சத்தம் ஆகாது. நெரிசலை அடியோடு ஒழித்தவர்களின் ஊரில் கடைத்தெரு சோம்பிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய சாலை ஓரம் முழுக்க வணிகம், ஒரு தெரு உள்ளே தள்ளி வீடுகள் என்று வைத்தால் சிவப்பும் காசாகும்.

மட்டுறுத்துநர்

நிஜ நெடுஞ்சாலை விவாதம் சுவையாக இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி இழை உண்டு, அங்கே தொடருங்கள். இங்கே மாட்டைப் பற்றி மட்டும்.

குறுக்குச்சந்து

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆற்றின் மேல்பக்கம் தள்ளி இரண்டாவது பாலம் ஒன்று கட்டினேன். சாதாரண அவென்யூதான், அகலச் சாலை இல்லை. கடன் வாங்கித்தான் கட்டினேன். நடுச்சாலையில் முட்டிய தெருக்களில் பெரும்பாலானவற்றை வெட்டி, பின்னால் ஒரு இணைச் சாலையில் சேர்த்தேன். அந்த இணைச் சாலைக்கு டி.எல்.ஏ-3 போட்டேன், கட்டிடம் எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. கொள்ளளவை ஒரு படி ஏற்றினேன். ஏழைக் குடியிருப்புப் பக்கம் பேருந்து நிறுத்தங்களை நெருக்கமாக வைத்தேன். அங்கேயிருந்து காரில் போகிறவர்கள் ஏற்கெனவே குறைவு, நிறுத்தம் வந்ததும் இன்னும் குறைந்துவிட்டார்கள்.

சில மாதம் ஓடவிட்டதும் பழைய பாலம் மஞ்சள். நடுச்சாலை பெரும்பாலும் பச்சை. காலியான வீடுகளில் விளக்கு எரிகிறது. நகைச்சுவை என்னவென்றால், காசைக் கரைத்துப் போட்ட ஏ.வி.இ-6-க்கு இப்போது தேவையே இல்லை. மாதாந்திரப் பராமரிப்பைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பராமரிப்பு நிதியைக் குறைத்துப் பார்த்தேன், சாலையெல்லாம் பள்ளம் விழ ஆரம்பித்தது. திரும்ப ஏற்றிவிட்டேன்.

ஒரு புதிய பிரச்சினை. இரண்டாவது பாலத்துச் சாலையைப் பக்கத்து நகரத்தோடு எல்லையில் இணைத்தேன். இப்போது அந்த எல்லைச் சாலையில் மட்டும் நம்ப முடியாத எண்ணிக்கையில் கார்கள். பக்கத்து நகரத்தில் இருக்கும் வேலைகளைவிட அங்கே போகிறவர்கள் அதிகம். இது எப்படி?

பழையசேவ்

முடிவில்லாப் பயணிகள். இந்த ஆட்டத்தின் பழைய பேய் அது.

எல்லையைத் தாண்டிப் போகிறவருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டதாக உங்கள் நகரம் எழுதிக்கொள்கிறது. பக்கத்து நகரத்தைத் திறந்தால் அவர் அங்கே வேலை தேடி நுழைகிறார். பக்கத்தில் இன்னொரு எல்லை வசதியாக இருந்தால் அதன் வழியாக வெளியேறி விடுகிறார். மூன்று நாலு நகரங்கள் வளையமாக இணைந்திருந்தால் ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார், எங்கேயும் வேலை செய்ய மாட்டார். எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

எல்லையில் அகலச் சாலை போட்டால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் வெளியே போகும் வழி உள்ளே இருக்கும் வேலையைவிடக் கவர்ச்சியாகத் தெரியும். நகரங்களை வளையமாக இணைக்காமல் கிளைவிட்ட மரம் போல இணையுங்கள். குடியிருப்பை எல்லையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வழியில் முதலில் வேலையிடம் வரும்படி வையுங்கள். எல்லையில் ஒரே சாலை போதும், அதுவும் சாதாரணச் சாலை.

ரவுண்டானா

ஸ்கைலைன்ஸில் இந்தப் பேய் இல்லை. அங்கே ரொம்ப நேரம் நின்ற வண்டியை ஆட்டமே மறைத்துவிடும், எங்கள் பேய் அதுதான். ஊரில் நெரிசலே தெரியாது, கடையில் சரக்கும் இருக்காது. ட்ராஃபிக் மேனேஜர் மாட் போட்டு அந்த மறைத்தலை அணைத்துப் பாருங்கள், அப்போதுதான் உங்கள் சாலைகளின் உண்மை முகம் தெரியும்.

ஸ்கைலைன்ஸ் 2 ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ரோட் பில்டர் என்ற மாட்டில் லேன் லேனாக அடுக்கி உங்கள் சாலையை நீங்களே செய்துகொள்ளலாம். பதினாறு லேன் செய்து படம் போடுகிறவர்கள் எல்லோரும் அடுத்த வாரம் நெரிசல் இழையில் வந்து நிற்கிறார்கள்.

கட்டம்கட்டமாக

நானும் டி.எல்.ஏ-3 போட்டுவிட்டேன், இடது பக்கம் ஓடுகிறது, நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். இந்த மாட் எனக்கு ஒத்துவரவில்லை என்றால் பிறகு எடுத்துவிடலாமா? பழைய நகரங்களுக்கு ஏதாவது ஆகுமா?

மெதுவாகச்செல்லவும்

அகலச் சாலை போட்ட நகரத்திலிருந்து மாட்டை உருவாதீர்கள். அந்தச் சாலைகளை ஆட்டத்துக்கு யாரென்றே தெரியாது. திறக்கும்போதே கவிழ்ந்தாலும் கவிழும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், மாட் இருக்கும்போதே அதன் துண்டுகளையெல்லாம் இடித்துச் சாதாரணச் சாலையாக்கி, சேமித்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. ஆவணங்கள் ஃபோல்டரில் சிம்சிட்டி 4 என்று இருக்கும், அதற்குள் ரீஜன்ஸ். உங்கள் வட்டாரத்தின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். புதிய பதிப்பு நிறுவும்போதும் இதையே செய்யுங்கள்.

குறுக்குச்சந்து

எல்லைச் சாலையை ஒன்றாகக் குறைத்தேன், எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. ஏ.வி.இ-6-ஐ இடித்துச் சாதாரண அவென்யூவாக்கலாமா என்று பார்த்தேன். ஓரத்தில் வந்திருக்கும் கடைகளைப் பார்த்ததும் கை வரவில்லை.

கோடுபோடுபவர்

இடிக்காதீர்கள். படம் எடுத்துப் போடுங்கள்.